வீட்டுக்கே வரும் மருந்து: சுங்கை சிப்புட் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகிவிட்டன. லயங்களில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரசர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர், கொடுத்ததுதான் மருந்து. இன்று கைப்பேசியில் நான்கு முறை தட்டினால் மறுநாள் பொட்டலம் வாசலுக்கு வந்துவிடுகிறது. கோயில் மண்டபத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பொட்டலங்களைப் பற்றித்தான் எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதும் நாங்கள் சொன்னதும் கீழே உள்ளன. இது பொது விளக்கம் மட்டுமே. மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நினைப்பவர்கள் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையே கிடையாது, வீட்டுக்கு அனுப்பி வைப்பது மட்டும்தான் என்கிறார்கள். அப்படிப்பட்ட பார்மசிக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

மலேசியாவில் மருந்து விற்பனையை ஆள்வது 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம். கைப்பேசியும் கூரியரும் கனவில்கூட இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. இணைய மருந்தகத்துக்கென்று தனி உரிம வகை அதில் கிடையாது. உரிமம் ஒரு மருந்தாளுநரின் பெயரில், ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு வழங்கப்படுகிறது. 'ஏ' வகை உரிமம் என்பது இதுதான். அந்த மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதாவது இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து, கைமாற வேண்டும். நிறுவனம் யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், செயலி எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பதில் சொல்ல வேண்டியவர் உரிமத்தில் பெயர் உள்ள அந்த ஒருவர்.

எனவே, வீட்டுக்கு அனுப்புவதாலேயே ஒரு கடை கள்ளக் கடையாகிவிடாது. உரிமம் பெற்ற முகவரியில் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து, மருந்தை எடுத்து, சரிபார்த்து, முத்திரையிட்டுக் கொடுத்தால், கூரியர்காரர் அதைச் சுமந்து வருகிறார், அவ்வளவுதான். அந்த முகவரியும் அந்த மனிதரும் இல்லாமல் பொட்டலம் மட்டும் வந்தால் அது மருந்தகம் அல்ல.

உரிமம் இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். சுகாதார அமைச்சின் மருந்தியல் சேவைத் திட்ட இணையத்தளத்தில் 'ஏ' வகை உரிமம் பெற்றவர்களைத் தேடலாம். மருந்தாளுநர் ஒவ்வொருவரும் மலேசிய மருந்தியல் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இணையத்தில் தேடத் தெரியாதவர்களுக்கு எளிதான வழி ஒன்று உண்டு. கடையின் எண்ணைக் கூப்பிட்டு, "பொறுப்பு மருந்தாளுநரிடம் பேச வேண்டும், அவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள். நல்ல கடை என்றால் அவரையே பேச வைப்பார்கள், அல்லது எத்தனை மணிக்குக் கிடைப்பார் என்று சொல்வார்கள். "எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள் அக்கா" என்று மழுப்பினால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள். பட்டணத்துக் கடையில் மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து அலமாரி பூட்டியிருப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். வாடிக்கையாளர் கண் பாதிக் காவல். பொட்டலக் கடையில் அந்தக் கண் இல்லை. அதனால்தான் தொலைபேசியில் கேட்கச் சொல்கிறோம்.

எந்த மருந்துக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம்?

நச்சுப் பொருள் சட்டத்தின் பட்டியலில் 'பி' பிரிவில் உள்ள மருந்துகளுக்கு. இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) சாப்பிடும் மெட்ஃபார்மின், இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், ஆண்டிபயாடிக் மாத்திரைகள் எல்லாம் இதில் சேரும். 'சி' பிரிவு மருந்தை மருந்தாளுநரே விசாரித்துக் கொடுக்கலாம். சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள் அந்த வகை. ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று அவர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பாராசிட்டமால் போன்றவை மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

'பி' பிரிவு மருந்தைச் சட்டை, சப்பாத்து வாங்குவதுபோல் கூடையில் போட்டுப் பணம் கட்ட விடுகிற இடம் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். வயது, எடை, 'ஆம்', 'இல்லை' என்று பத்துக் கட்டங்களைக் குறியிட்டு முடிப்பது மருத்துவர் சீட்டு ஆகாது.

சீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் போதுமா?

சட்டம் எதிர்பார்க்கும் சீட்டில் மருத்துவரின் பெயர், முகவரி, கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, சாப்பிடும் முறை எல்லாம் இருக்க வேண்டும். எத்தனை முறை கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கொடுத்த கடை அதற்கான பதிவை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஒரு படத்தைப் பத்துக் கடைக்கு அனுப்பலாம் என்பதுதான் இதில் உள்ள ஓட்டை. தூக்க மாத்திரையைத் தேடுகிறவர்கள் செய்வதும் அதுதான். ஆகவே ஒழுங்கான கடை மூலச் சீட்டைக் கேட்கும், கிளினிக்கைக் கூப்பிட்டு உறுதி செய்யும், உங்களையும் கூப்பிட்டு வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்கும். இதைத் தொந்தரவு என்று சிலர் எங்களிடம் குறைப்படுகிறார்கள். ஒன்றுமே கேட்காமல் அனுப்புகிற கடைதான் நமக்குத் தொந்தரவு.

கிளினிக்கில் சீட்டுத் தர முகம் சுளிக்கிறார்களே?

நம் நாட்டில் தனியார் மருத்துவர் நோயையும் பார்க்கலாம், மருந்தையும் அவரே விற்கலாம். அதனால் சீட்டு எழுதும் பழக்கம் பல இடங்களில் இல்லை. ஆனாலும் மருந்தை வெளியே வாங்கிக்கொள்கிறேன், சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதை எதிர்த்து மருத்துவர்கள் அந்த மாதமே புத்ராஜெயாவில் கூடினார்கள் என்பது வேறு கதை. நமக்கு வேண்டியது விலைப்பட்டியல். உங்கள் இரத்தக் கொதிப்பு மாத்திரையின் விலையை அதில் பார்த்துவிட்டு, அனுப்பு கூலியையும் சேர்த்துப் பொட்டலக் கடையின் விலையோடு ஒப்பிடுங்கள். மலிவு என்று நினைத்தது பல நேரங்களில் மலிவாக இருப்பதில்லை.

சோதனைக்கு வருகிறவர்கள் யார்? என்ன பார்ப்பார்கள்?

சுகாதார அமைச்சின் மருந்தியல் அமலாக்கப் பிரிவினர். ஒவ்வொரு மாநிலத்திலும் கிளை உண்டு. நம் வட்டாரம் பேராக் கிளையின் கீழ் வருகிறது. அவர்களும் படித்த மருந்தாளுநர்கள்தான். கடைக்குள் நுழைய, தேட, பொருளைக் கைப்பற்றச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பார்ப்பது ஆள். உரிமத்தில் பெயர் உள்ளவர் இருக்கிறாரா? அவர் இல்லாத நேரத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து கைமாறியிருக்கிறதா? அடுத்தது பதிவேடு. இங்கேதான் பொட்டலக் கடை மாட்டிக்கொள்ளும். விற்ற அன்றே எழுத வேண்டியதை வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருந்தால் கையெழுத்தும் மையும் காட்டிக்கொடுத்துவிடும். கணினிப் பதிவு என்றால் நேரம் காட்டிக்கொடுக்கும். மொத்த வியாபாரியிடம் வாங்கிய கணக்கு ஒரு பக்கம், அனுப்பிய பொட்டலங்களின் கூரியர் பட்டியல் ஒரு பக்கம், சீட்டுகள் ஒரு பக்கம். ஆயிரம் மாத்திரை வாங்கி, அறுநூறுக்குச் சீட்டு இருந்து, அலமாரியில் நூறுதான் மிஞ்சியிருந்தால் முந்நூறு எங்கே போயின என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

பிறகு சேமிப்பு. மனநிலையைப் பாதிக்கும் மருந்துகள் தனியே பூட்டப்பட்டு, தனிப் பதிவேட்டில் கணக்கு இருக்க வேண்டும். குளிர்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பு, காலாவதித் தேதி, பதிவு எண் இல்லாத சரக்கு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அலமாரி பளபளப்பாக இருப்பதைப் பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

முகவரியே இல்லாத விற்பனையாளரை எப்படிப் பிடிப்பார்கள்?

பொதுவாகப் பொருளைத் தொடர்ந்து போய். புகார் வருகிறது, சந்தேகப் பொட்டலம் தபால் மையத்தில் சிக்குகிறது, அதிகாரிகளே வாடிக்கையாளராக நடித்து வாங்குகிறார்கள். அங்கிருந்து பணம் போன கணக்கு, பொட்டலம் கிளம்பிய இடம் என்று பின்னோக்கிப் போனால் ஏதோ ஒரு கிடங்கோ வாடகை வீடோ அகப்படும். ஷோப்பி, லசாடா போன்ற இணையச் சந்தைகளில் உள்ள விளம்பரங்களை நீக்கச் சொல்லி அமைச்சு கேட்டுக்கொள்கிறது. இணையத்தளங்களை முடக்கத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உதவி உண்டு. இன்டர்போல் 2008இல் தொடங்கிய 'பாஞ்சியா' நடவடிக்கையிலும் மலேசியா பங்கெடுக்கிறது. பல நாடுகளில் ஒரே காலத்தில் இணையக் கள்ள மருந்தை வேட்டையாடுவது அது.

பதிவு செய்யாத மருந்தை விற்றால் தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை. ஒரு பெயரை முடக்கினால் அடுத்த வாரம் இன்னொரு பெயரில் கணக்கு திறப்பவர்களுக்கு இது பெரிய அச்சமாக இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம்.

பொட்டலம் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

உறையை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பிரியுங்கள். மாத்திரைப் பையின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, தேதி, கடையின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். 'உபாட் தெர்கவால்', அதாவது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்ற எழுத்தும் இருக்க வேண்டும். பெயரில்லாத நெகிழிப் பையில் வெள்ளை மாத்திரை மட்டும் வந்தால் வாயில் போடாதீர்கள்.

பெட்டியில் பதிவு எண்ணைத் தேடுங்கள். எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்துகள், பின் எட்டு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. கடைசி எழுத்து 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, 'எக்ஸ்' என்றால் சீட்டில்லாமல் வாங்கக்கூடியது, 'டி' பாரம்பரிய மருந்து, 'என்' சத்துப் பொருள். அந்த எண்ணைத் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமையின் தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் எண்ணைத் திருடி ஒட்டியிருக்கிறார்கள். ஃபார்மாடேக் என்ற மின்னும் வில்லையும் பெட்டியில் இருக்கும். ஃபார்மா செக்கர் செயலியில் அதைச் சோதிக்கலாம். பேரப்பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

இன்சுலினைக் கூரியரில் வாங்கலாமா?

எங்களைக் கேட்டால், கூடியவரை வேண்டாம்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனாலும் வீண், வெயிலில் வெந்தாலும் வீண். ஊசிப் பேனாவைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு பெரும்பாலான வகைகளை 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் வெளியில் வைத்திருக்கலாம். வகைக்கு வகை மாறும் என்பதால் உள்ளிருக்கும் தாளைப் படியுங்கள். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நல்லதாகவே தெரியலாம் என்பதுதான் தொல்லை. ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதபோதுதான் சந்தேகமே வரும்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கூரியர் வேன் ஈப்போவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வந்து, பட்டணத்தைச் சுற்றி, பிறகு தோட்டத்துக்குள் நுழைகிறது. பகலில் வீட்டில் ஆள் இல்லை. காவலாளி கொட்டகையில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் படம் பிடித்து அனுப்பிவிட்டுப் போகிறார். தகரக் கூரை, பிற்பகல் வெயில், மாலை ஐந்தரைக்குக் கைக்கு வருகிறது. பனிப்பொதி தண்ணீராகியிருக்கும், அட்டை நனைந்திருக்கும். கடை 'அனுப்பிவிட்டோம்' என்கிறது, கூரியர் 'கொடுத்துவிட்டோம்' என்கிறது. இருவர் சொல்வதும் உண்மைதான்.

வேறு வழியே இல்லை என்றால் அனுப்பும் முன்பே மூன்றைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் குளிர் தாங்கும்படி கட்டுகிறீர்கள், எந்த நேரத்துக்குள் வரும், சூடாக வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? காவலாளி கொட்டகையில் வைக்கக் கூடாது, நேரில் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தையே தபாலில் பெற முடியாதா?

இதைத்தான் நாங்கள் முதலில் சொல்ல விரும்புவோம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட், மருந்தும் அதில் அடக்கம். தொடர்ந்து ஒரே மருந்து சாப்பிடுகிறவர்கள் அடுத்தடுத்த மாதங்களுக்கானதை 'உபாட் மெலாலுயி போஸ்' திட்டத்தில் தபாலில் பெறலாம். அஞ்சல் கட்டணம் மட்டும் உங்களுடையது. குளிர்ச்சி வேண்டிய மருந்துக்கு இந்த வழி பொருந்தாது.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு மாதமும் மருந்துக்காக அங்கே பஸ் ஏறத் தேவையில்லை. மீதி மாதங்களின் மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளும் 'எஸ்பியுபி' ஏற்பாடு இருக்கிறது. மருந்து முகப்பில் கேட்டால் பதிவு செய்து கொடுப்பார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

மதுரையிலிருந்து தம்பி அனுப்புகிறான், அங்கே பாதி விலை. வரவழைக்கலாமா?

ஊருக்குப் போய்த் திரும்பும்போது உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ ஒரு மாதத்துக்கு மேற்படாத அளவைக் கையோடு கொண்டுவர விதிவிலக்கு உண்டு. சீட்டையும் அசல் பெட்டியையும் கூடவே வையுங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை போன்றவற்றுக்கு இந்தச் சலுகையை நம்பிப் போகாதீர்கள், அவற்றுக்கு விதி வேறு. தபாலில் ஆறு மாதச் சரக்கு வரவழைத்து அக்கம்பக்கத்துக்கும் பிரித்துக் கொடுப்பது உதவி என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது பதிவில்லாத மருந்தை வழங்குவது.

"இனிப்பு நீர் அடியோடு போய்விடும்" என்று டிக்டாக்கில் விற்கிறார்களே?

1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இனிப்பு நீர், புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய், இரத்தக் கொதிப்பு உட்பட ஒரு பட்டியலே போட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுத்திருக்கிறது. ஆகவே அந்தக் காணொளி வந்த நொடியே குற்றம்தான். மற்ற மருந்து விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். 'கேகேஎல்ஐயு' என்று தொடங்கும் எண் அதற்கு அடையாளம்.

மூட்டுவலிக்கு மூன்றே நாளில் நிவாரணம் தரும் 'மூலிகை' உருண்டையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது அமலாக்கச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவருகிற விஷயம். ஆண்மைக் குறைவுக்கான காபிப் பொடியில் சில்டெனாஃபில், மெலிவுப் பொடியில் சிபுட்ரமின், வெள்ளையாக்கும் களிம்பில் பாதரசம். ஸ்டீராய்டு உருண்டையைச் சாப்பிட்டால் வலி உண்மையிலேயே பறந்துபோகும். பாட்டி எழுந்து நடப்பார், பக்கத்து வீட்டுக்கும் சொல்வார். சில மாதங்களில் முகம் வீங்கி உருண்டையாகும், சர்க்கரை ஏறும். பயந்துபோய்த் திடீரென நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல், அந்த உருண்டையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்ற நாடுகளில் இதை எப்படி நடத்துகிறார்கள்?

இங்கிலாந்தை மட்டும் சொல்கிறோம். அங்கே கடைமுகப்பு இல்லாமல் அனுப்பி மட்டும் வைக்கும் மருந்தகம் அரசாங்கச் சுகாதாரச் சேவையின் கீழ் தனி வகையாகவே இருக்கிறது. பொது மருந்தியல் மன்றம் என்ற அமைப்பு அவற்றைச் சோதித்து, எந்தத் தரம் நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்ற அறிக்கையை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. எடை குறைக்கும் ஊசிகளுக்கு இணையப் படிவத்தை மட்டும் நம்பக் கூடாது, உயரத்தையும் எடையையும் வேறு வழியில் உறுதி செய்ய வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் விதியை இறுக்கினார்கள். சோதனை அறிக்கையைக் கடை பெயரோடு வெளியிடும் பழக்கம் மட்டும் இங்கேயும் வந்தால் எங்களுக்குப் பாதி வேலை குறையும்.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் எங்கே சொல்வது?

பேராக் மாநிலச் சுகாதார இலாகாவின் மருந்தியல் அமலாக்கக் கிளையில், அல்லது சுகாதார அமைச்சின் இணையப் புகார் பகுதியில். மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, புகார் பிறகு.

கோபத்தில் பொட்டலத்தைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். மாத்திரை மிச்சம், பெட்டி, கூரியர் எண் ஒட்டிய வெளியுறை, பணம் கட்டிய ரசீது, பேசிய வாட்ஸ்அப் செய்திகளின் படம் எல்லாம் வேண்டும். வெளியுறைதான் முக்கியம். விற்றவர் செய்திகளை ஒரு நொடியில் அழித்துவிடலாம், ஆனால் பொட்டலம் எந்த முகப்பிலிருந்து ஏற்றப்பட்டது என்பது அந்தக் கூரியர் எண்ணில் இருக்கிறது.